அஞ்சாவது இடம் நடுவருக்கு

நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. அந்தப் பையை இப்படி என் பக்கம் தள்ளி வைங்க, நான் பாத்துக்கறேன். உங்க வீட்டுக்காரருக்குத் தோள்பட்டைன்னு சொன்னீங்கல்ல, அது சீக்கிரம் முடிஞ்சிரும். என் பையனுக்கு முட்டி. முட்டின்னா நேரமாகும்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரரு கீழ மருந்து வாங்கப் போயிருக்காரு. அவரு வந்தாலும் ஒண்ணும் பேச மாட்டாரு. ஃபயர் சர்வீஸ்ல இருந்தவரு. அவசரம்னா மட்டும்தான் வாயைத் தொறப்பாரு.

காலையில உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது என் பையன் நாலு விரலைக் காட்டிச் சிரிச்சான்ல, நீங்க பாத்தீங்க. என்னன்னு கேக்கணும்னு நெனச்சிருப்பீங்க. கேக்கல. பரவாயில்ல, நானே சொல்றேன். எப்படியும் உக்காந்துதான் இருக்கப் போறோம்.

நான் திண்டுக்கல். பேரு ரோசலின். ஒரு லேடீஸ் காலேஜ் ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவ. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, எனக்குப் பாரபட்சம்ங்கிறதே கிடையாது. வருசா வருசம் சிறந்த ஹாஸ்டல் மாணவின்னு ஒரு பரிசு உண்டு. நான்தான் முடிவு பண்ணுவேன். பிரின்சிபாலோட அக்கா மக ஒருத்தி என் ஹாஸ்டல்ல இருந்தா. நாலு வருசமும் குடுக்கல. அவ வாளியைப் பாத்ரூம்லயே விட்டுட்டு வர்றவ. அப்படிப்பட்ட ஆளு நான்.

எனக்கு ரெண்டு பசங்க. மூத்தவன் ஜெரால்டு, கனடாவுல இருக்கான். நல்லாப் படிச்சவன். இளையவன் பெனிட்டோ, இப்ப உள்ள இருக்கிறவன். பெனின்னு கூப்பிடுவோம். இங்க ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. கல்யாணம் ஆகல, பாத்துக்கிட்டிருக்கோம். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு நாளும் வித்தியாசம் பாத்தது கிடையாது. அப்ப நாங்க ஹாஸ்டலை ஒட்டுன குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், மாடி ரூம் மூத்தவனுக்கு. ஏன்னா அவன் படிக்கணும். பெனிக்கு ஹாலு. ஹால்ல காத்து நல்லா வரும். ஜெரால்டு பட்டம் வாங்குன போட்டோவை ஹால்ல மாட்டியிருக்கோம். பெனி ஃபுட்பால்ல வாங்குன மெடலெல்லாம் பரண்ல இருக்கு. அத்தனையும் மாட்டணும்னா அத்தனை ஆணி அடிக்கணும், சுவரு என்னத்துக்கு ஆகும்? போட்டோவுக்கு ஒரு ஆணிதான்.

பெனி நல்லா ஃபுட்பால் ஆடுவான். திண்டுக்கல்ல அது ஒரு பைத்தியம். எட்டுப் பத்துப் பசங்க சேந்து ஒரு டீமா ஆடிக்கிட்டிருந்தானுங்க. அப்பறம் வேலைக்குப் போனானுங்க, ஊரு ஊரா பிரிஞ்சானுங்க, தொப்பை போட்டானுங்க. பெனி மட்டும்தான் கம்பெனி டீம்ல தொடர்ந்து ஆடுனான். ஆனா பிரிஞ்ச பிறகும் ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் சேந்து ஒண்ணு பண்ணுவானுங்க. கம்ப்யூட்டர்ல.

நீங்க நெனக்கிற மாதிரி பட்டனை அமுக்கி ஆடுறதில்ல. ஆளுங்களை உண்டாக்கி விட்டுறணும். பேரு, உசரம், வேகம், மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும், கோபம் வருமா வராதா, எல்லாத்தையும் எழுதி விட்டுட்டா அதுவே ஆடிக்கும். இவனுங்க அவனவன் வீட்டுல உக்காந்து பாப்பானுங்க. பாத்துக் கோபப்படுவானுங்க. அவ்வளவுதான் வேலை. ஆளுக்கு ஒரு டீம், அதுல அவனவன் பேருலயும் ஒரு ஆளு. ஒரு சீசன் முடிய நாலஞ்சு மாசம் ஆகும்.

இதுல பாதி சீசன் முடிஞ்சதும் ஒரு வழக்கம் வச்சிருக்கானுங்க. இதுவரைக்கும் ஆடுனதுல யாரு ரொம்ப முக்கியமான ஆட்டக்காரன்னு முதல் அஞ்சு பேரை வரிசை போடணும். சீசன் முடிவுல அதுல ஒருத்தனுக்குப் பட்டம். பட்டம்னா வாட்ஸப்ல ஒரு கப்பு படம் வரும். அதுக்குத்தான் இவ்வளவும். போன வருசம் வரிசை போட்டது காசிமாயன். பெனியோட கூட்டாளி, கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறை வச்சிருக்கான். அவன் முதல் இடத்தைத் தனக்கே குடுத்துக்கிட்டான். ரெண்டாவது இடத்தைத் தன் பொண்டாட்டி பேருல ஆடுறவளுக்குக் குடுத்தான். பெரிய சண்டை. காசிமாயன் குரூப்பை விட்டுப் போனான், வந்தான், திரும்பப் போனான்.

அதனால இந்த வருசம் வெளியாளு ஒருத்தர் போடட்டும்னு முடிவு பண்ணிப் பெனி எனக்குப் போன் பண்ணான்.

"அம்மா, நீதான் சரியான ஆளு. வார்டனா இருந்தவ. உனக்கு ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது. எல்லாருக்கும் சம்மதம்."

"நான் போட்டா யாரும் மறுபேச்சு பேசக் கூடாது"ன்னேன்.

"பேச மாட்டோம்மா."

"யாரும் தனியாப் போன் பண்ணிச் சிபாரிசு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டோம்மா."

அப்பவே அவன் குரல் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். கஷாயம் வச்சுக் குடிக்கச் சொன்னேன்.

நான் எந்த வேலையையும் அரைகுறையாச் செய்றவ இல்ல. நடந்த ஆட்டம் எல்லாத்தையும் டிவியில போட்டுக் குடுக்கச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல உக்காந்து பாத்தாரு. பாத்தாருன்னா, தூங்குனாரு. அந்த ஆளுங்க எல்லாம் நெசம் மாதிரியே இருக்கானுங்க, நீங்க பாத்தா அசந்து போயிருவீங்க. வேர்க்குது, சறுக்கி விழுறானுங்க, சட்டையில மண்ணு ஒட்டுது. முதுகுல பேரு எழுதியிருக்கு. பேரு யார் யாருன்னு பாத்தா எல்லாம் நம்ம ஆளுங்கதான். காசிமாயன் டீம்ல அவன் பொண்டாட்டி முத்துப்பேச்சிதான் பேக்கு, பின்னாடி நின்னு தடுக்கிறவ. "அவளைத் தாண்டி எவனும் போக முடியாதும்மா"ன்னு சொல்லுவான். நெசமாவே ஒருத்தனும் போக முடியல. பெனி டீம்ல முன்னாடி நின்னு கோல் போடுறவன் பெனிட்டோ. பின்னாடி கோல் காக்கிறவன் யாருன்னு நெனக்கிறீங்க? ஜெரால்டு. என் மூத்த பையன். முகம்கூட அவன் சாடைதான், கண்ணாடி மட்டும் இல்ல.

எனக்கு ஒண்ணும் புரியல. ஜெரால்டு பந்தைக் கையால தொட்டே நான் பாத்ததில்ல. ஆனா அதுல எப்படி ஆடுறான்னு நெனக்கிறீங்க! ரெண்டு கையும் நீளம். இந்தப் பக்கம் பாயுறான், அந்தப் பக்கம் பாயுறான். எத்தனை பேரு வந்து அடிச்சாலும் பதட்டப்படாம பிடிச்சுக் கீழ வச்சுட்டு, எல்லாரையும் அவனவன் இடத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டுறான். பொறுப்பு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து, காப்பி குடிச்சிட்டு, வரிசையைக் குரூப்ல போட்டேன். முதல் இடம் ஜெரால்டு. காரணமும் எழுதுனேன். நான் காரணம் இல்லாம எதுவும் எழுத மாட்டேன். 'நிதானம், பொறுப்பு, அடுத்தவங்க தப்பைத் தன் தலையில தாங்கிக்கிற குணம்.' ரெண்டாவது இடம் முத்துப்பேச்சி. மூணாவது காசிமாயன். அவன் தொட்டாலே விழுறவன்தான், நெசக் காசிமாயனும் அப்படித்தான், ஆனாலும் பந்தைத் தானே வச்சுக்காம நாலு பேருக்குக் குடுக்கிறான். நாலாவது ஹக்கீம், அந்தப் பையன் தோஹாவுல இருக்கான், அவன் டீம்ல இருக்கிற ஒரே நல்ல ஆளு அவன்தான். அஞ்சாவது இடம் நடுவருக்கு.

ஏன் சிரிக்கிறீங்க? அத்தனை ஆட்டத்துலயும் ஓடுறாரு. ஒருத்தன்கூட அவர மதிக்கிறதில்ல, எல்லாப் பயலும் கையை விரிச்சுக்கிட்டு முகத்துக்கு நேரா வந்து கத்துறான். அவரு ஒரு தடவைகூட முகம் சுளிக்கல. அவருக்குப் பேரும் கிடையாது. அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

பெனியா? பெனி இல்ல. பெனிதான் அதுவரைக்கும் நிறைய கோல் போட்டிருந்தான், எல்லாரையும் விட. ஆனா கோல் போடுறது அவன் வேலை. முன்னாடி நிக்கிறவன் கோல் போடாம என்ன செய்வான்? தன் வேலையைச் செஞ்சவனுக்கு எதுக்குப் பரிசு? அது போக, ஆட்டம் முடியுற நேரத்துல அவனுக்கு மூச்சு வாங்குது. தலைக்கு மேல ஒரு பச்சைக் கோடு இருக்கும், அது சிவப்பாயிருது. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கிறான். ஒழுங்கா உடம்பைப் பாத்துக்காதவன்னு முடிவு பண்ணேன். சொந்தப் பிள்ளைங்கிறதுக்காக ஏத்திப் போட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? அதனால போடல.

குரூப்ல எல்லாரும் பாத்துட்டானுங்கன்னு நீல டிக் விழுந்துச்சு. அப்பறம் காசிமாயன், "மூணாவது இடத்தைப் பணிவோட ஏத்துக்கறேன்"ன்னு போட்டான். முத்துப்பேச்சி குரூப்லயே இல்ல, ஆனா காசிமாயன் போன்லருந்து அவ வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு வந்துச்சு, புருசனுக்கு மேல இடம் குடுத்ததுக்கு நன்றின்னு.

பெனி போன்ல வந்தான்.

"அம்மா, ரெஃப்ரீயை எல்லாம் போடக் கூடாதும்மா."

"போடக் கூடாதுன்னு நீங்க எங்கயும் எழுதி வைக்கல."

"சரி. ஜெரால்டு முதல் இடமா?"

"ஆமா. நீயே பாத்தேல்ல, எப்படிப் பாயுறான்."

"அம்மா, அவனை நான்தாம்மா உண்டாக்குனேன். அந்தக் கையை நான்தான் வச்சேன். அந்தப் பாயிறது நான் வச்சது. அவனுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

"யாரு உண்டாக்குனாங்கங்கிறது கேள்வி இல்ல. யாரு ஆடுனாங்கங்கிறதுதான் கேள்வி."

லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன்.

"அதுல மட்டும்தாம்மா என் முட்டி நல்லா இருக்கு"ன்னான்.

"உன் முட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வச்சிர்றேன்."

வச்சுட்டான்.

நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு பேப்பரை மடிச்சு வச்சாரு. அவரு பேப்பரை மடிச்சு வச்சா ஏதோ அவசரம்னு அர்த்தம்.

"ரோசி, பெனி கம்பெனி மேட்ச்ல விழுந்துட்டான். லிகமென்ட் அறுந்து போச்சு. ஆபரேஷன் பண்ணா நடக்கலாமாம், ஏறி இறங்கலாமாம். இனிமே ஆட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உன்னை வரிசை போடச் சொல்லிக் கேட்டான்ல, அன்னைக்குக் காலையிலதான் சொல்லியிருக்காரு."

"உங்ககிட்டச் சொன்னவன் என்கிட்ட ஏன் சொல்லல?"

அவரு எந்திரிச்சுப் போயி மோட்டார் போட்டாரு. தொட்டி ஏற்கெனவே நிறைஞ்சுதான் இருந்துச்சு.

நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு? எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வரிசை வரிசைதான். முட்டி போச்சுங்கிறதுக்காக ஒருத்தனை ஏத்திப் போட முடியுமா? ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுக்கு அப்பா இறந்து போன வருசம்கூட நான் அவளுக்குப் பரிசு குடுக்கல. சோறு ஊட்டி விட்டேன், பரிசு குடுக்கல. அது வேற, இது வேற.

அந்தப் பய போனை எடுக்கிறதே இல்ல. நான் கூப்பிட்டா, கொஞ்சம் கழிச்சு 'வேலையா இருக்கேன்'னு மெசேஜ் வரும். அவங்க அப்பாகிட்டப் பேசுவான். நான் பக்கத்துல நின்னா அவரு போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிருவாரு. போன வருசம் எனக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க. பெனிதான் லீவு போட்டு வந்து பக்கத்துலயே இருந்தான். மணி பாத்து மணி பாத்துச் சொட்டு மருந்து விட்டான், தலைக்கு எண்ணெய்கூடத் தேச்சு விட்டான். அவ்வளவு பாசமா இருந்த பிள்ளை ஒரு வரிசைக்காக இப்படிப் பண்ணுவானான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஜெரால்டும் அப்ப ரெண்டு தடவை போன் பண்ணான். கேமராவுல கண்ணைக் காட்டச் சொல்லிப் பாத்தான். அங்க ராத்திரி, பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு.

ஜெரால்டுகிட்டச் சொன்னேன், "டேய், நீ முதல் இடம்டா"ன்னு.

"எதுல?"

"ஃபுட்பால்ல. பெனி கம்ப்யூட்டர்ல உன்னைக் கோல்கீப்பரா வச்சிருக்கான்."

"நான் எப்பம்மா ஃபுட்பால் ஆடுனேன்? மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது, அப்பறம் பேசறேன்"ன்னான். அவனுக்கு அங்க அவ்வளவு வேலை. அப்பறம் அவனே கூப்பிட்டான், ரெண்டு நாள் கழிச்சு. பெனிக்கு முட்டின்னு நான் சொன்னதும் டாக்டர் பேரைக் கேட்டான், இன்டர்நெட்ல பாத்துட்டு நல்ல டாக்டர்தான்னு சொன்னான். லீவு கிடைக்காதாம். அவன் என்ன செய்வான்?

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டம் போட்டாங்க. நான் டிவியில பாத்தேன். வரிசை போட்டாச்சு, இனி நான் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. சும்மா பாத்தேன். பெனி டீம் இறங்குது, ஜெரால்டு இருக்கான், மத்தவங்க இருக்காங்க, பெனியைக் காணோம். எங்கடான்னு பாத்தா ஓரமா பெஞ்சுல உக்காந்திருக்கான். அவனே அவனை எடுத்து வெளிய உக்கார வச்சிருக்கான்.

அந்த கேம்ல வெளிய உக்காந்திருக்கிறவனையும் நடுநடுவுல காட்டுவாங்க. முழங்கால்ல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான். முகம் அவன் முகம். அது பொம்மைன்னு எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, அடுப்புல பருப்பு வச்சிருந்தேன், அது அடிப் பிடிச்சது எனக்குத் தெரியவே இல்ல. எங்க வீட்டுக்காரருதான் போயி அணைச்சாரு. அந்த ஆட்டத்துல பெனி டீம் தோத்துப் போச்சு. ஜெரால்டு எவ்வளவு பிடிச்சும் முன்னாடி கோல் போட ஆளில்ல. அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். அவன் பெஞ்சுலயே உக்காந்திருக்கான். டீம் தோக்குது.

எனக்கு மனசு சரியில்ல. போட்ட வரிசை சரிதானான்னு ஒரு தடவை பாத்துருவோம்னு பழைய ஆட்டத்தையெல்லாம் திரும்பப் போட்டுப் பாத்தேன். இந்தத் தடவை பெனியை மட்டும் பாத்தேன். நல்லாத்தான் ஆடுறான். பந்து வந்தா துள்ளுறான். அந்தக் கால்ல ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லா ஆட்டத்துலயும் அதே கதை, முடியுற நேரத்துல மூச்சு வாங்குது. எனக்குக் கோபமே வந்துருச்சு. தன்னைத் தானே உண்டாக்கிக்கிறவன், கொஞ்சம் தெம்பா உண்டாக்கிக்கக் கூடாதா? காசிமாயனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அதுக்கு ஒரு அளவு இருக்கும்மா"ன்னான். "டீமுக்கு இவ்வளவு பலம்தான்னு குடுத்துருவோம். அதை ஆளுங்களுக்குப் பங்கு வைக்கணும். ஒருத்தனுக்கு ஏத்துனா இன்னொருத்தனுக்குக் குறையும். நான் ஏறக்குறைய எல்லாத்தையும் முத்துப்பேச்சிக்குக் குடுத்துட்டேன், இல்லாட்டி வீட்டுல இருக்க முடியாது. இவன் ஜெரால்டு அண்ணனுக்குக் குடுத்துட்டான்."

"எதை?"

"மூச்சை. பெனிக்குன்னு இருந்த மூச்சுல பாதியை எடுத்துத்தான் அண்ணனுக்குக் கையை நீட்டுனான். நாங்களே சொன்னோம், எவனாவது கோல்கீப்பருக்குப் போயி இவ்வளவு குடுப்பானாடான்னு. கேக்கல."

"ஜெரால்டு எதுக்குடா இதுல? அவனுக்குப் பந்தே தெரியாதே."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அண்ணன்தானே அவனுக்குக் கோல் நிப்பாரு. ஹாஸ்டல் பின்னாடி, துணி காயப் போடுற எடத்துல. அந்தக் கம்பி ரெண்டுக்கும் நடுவுல. தினம் சாயங்காலம் நிப்பாரே. பெனி ஷூட் அடிச்சுப் பழகுனதே அண்ணனை வச்சுத்தான்."

"அந்த நேரத்துல அவன் மாடியில படிச்சுக்கிட்டிருப்பான்."

"படிச்சுக்கிட்டேதாம்மா நிப்பாரு. ஒரு கையில புக்கு இருக்கும். அதனாலதான் நிறைய கோல் போச்சு."

போனை வச்சிட்டு, இப்ப இருக்கிற வீட்டுல மாடி ரூமுக்குப் போயி சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். என்னத்தைப் பாக்குறது, நாங்க குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி எவ்வளவோ வருசமாச்சு. பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்குதான் தெரிஞ்சுச்சு.

நான் மூச்சு வாங்குதுன்னு மார்க்கைக் குறைச்ச பிள்ளை, மூச்சை அண்ணனுக்குக் குடுத்துட்டு ஓடிக்கிட்டிருந்திருக்கான். இது புதுத் தகவல். புதுத் தகவல் வந்தா திருத்தம் போடலாம், அதுல தப்பில்ல. ஹாஸ்டல்லயும் ரெண்டு தடவை போட்டிருக்கேன்.

அன்னைக்குச் சாயங்காலமே குரூப்ல எழுதுனேன். 'திருத்தம். ஆட்சேபணை வந்ததால் நடுவர் பட்டியலிலிருந்து விலக்கிக் கொள்ளப்படுகிறார், அவருக்கு என் வணக்கம். ஹக்கீம் ஐந்தாம் இடத்துக்கு இறங்குகிறார். நாலாம் இடம் பெனிட்டோ. காரணம், தன் மூச்சில் பாதியைக் கோல்கீப்பருக்குக் கொடுத்த பிறகும் எல்லாரையும் விட அதிக கோல் போட்டது. இதை முதலில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இனிமேல் இப்படிப்பட்ட விஷயங்களை முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

போட்டுட்டுப் போனைக் கவுத்து வச்சேன். நான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கல. எங்க வீட்டுக்காரரு வேணா அப்படிச் சொல்லுவாரு, நம்பாதீங்க.

போன் அடிச்சுச்சு. பெனிதான். வணக்கம் இல்ல, நலமான்னு இல்ல.

"நாலாவதா?"

"ஆமா."

"மூணாவது காசிமாயனா? அவன் என்னைவிட மேலயா?"

"ஆமா."

"அம்மா, அவன் போட்டதே மொத்தம் ரெண்டு கோல்! ரெண்டுல ஒண்ணு எங்க கோலுக்கு அடிக்கப் போயி அவங்க கோலுக்கே போயிருச்சு!"

"அவன் நாலு பேருக்குப் பந்து குடுக்கிறான்."

"நானும்தான் குடுக்கிறேன்!"

"நீ ஒருத்தனுக்குக் குடுத்தே. அவன் நாலு பேருக்குக் குடுக்கிறான்."

அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல சண்டை. அவன் ஒவ்வொரு ஆட்டமா எடுத்துச் சொல்றான், நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றேன். முத்துப்பேச்சி பண்ணதெல்லாம் ஃபவுல்ங்கிறான். நடுவரு விசில் ஊதலையே, அப்பறம் எப்படி ஃபவுலாகும்னு கேக்குறேன். போன் சூடாயி காது வலிச்சு, இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்துனேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு.

கடைசியில அவன்தான், "அம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்"ன்னான்.

"தெரியும். துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு"ன்னேன்.

"நீ வரணுமா? அப்பா வந்தா போதாதா?"

"உங்க அப்பா டாக்டர்கிட்ட என்ன கேப்பாரு? ஒண்ணும் கேக்க மாட்டாரு."

சிரிச்சான். அப்பறம், "அண்ணன்கிட்டச் சொன்னியா?"ன்னு கேட்டான். சொன்னேன், லீவு கிடைக்கலையாம்னு சொன்னேன். "அவனுக்கு வேலை இருக்கும்"னான். ஆமான்னேன். அவன் அப்படிச் சொன்னதும் ஏனோ எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. தினமும் நான் சொல்ற வார்த்தைதான் அது.

போன ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல பெனி திரும்ப இறங்கிட்டான். தோஹா டீமோட. கோல் போட்டான். நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமில்ல, பையன் கோல் போட்டுட்டான்னாரு. அவங்க பெனிக்கு முட்டி சரியாயிருச்சா, ஆபரேஷன் வேண்டாமான்னு கேட்டுட்டு நின்னாங்க. அவரு விளக்கம் சொல்ற ஆளா? சரின்னு தலையை ஆட்டிக் கதவைச் சாத்திட்டாரு.

இப்ப அதான், காலையில நாலு விரலைக் காட்டிட்டுப் போனான். நாலாவது இடம்தானேன்னு என்னைக் கேலி பண்றான். உள்ள போற நேரத்துலயும் வாய் குறையல. நான் முகத்தைக் கடுமையா வச்சுக்கிட்டேன். சீசன் முடிஞ்சதும் கடைசி வரிசை நான்தான் போடணும். இப்பவே இளக்கம் குடுத்தா மத்த பசங்க என்ன நெனப்பாங்க? அவன் ஒழுங்கா ஆடட்டும், பாப்போம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான்.

இருங்க, கதவு திறக்குது. உங்களையா, என்னையா?

பெனிட்டோவோட ஆளுங்க யாருன்னு அந்த நர்ஸ் பொண்ணு கேக்குது. நான்தாம்மா. அம்மா. நல்லபடியா முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சாம்ங்க, முடிஞ்சிருச்சாம். மாதாவே. ஒருத்தர் மட்டும் உள்ள வரலாமாம்.

என்னம்மா சொல்றே? சத்தமாச் சொல்லு. அரைத் தூக்கத்துல இருக்கானா? இருக்கட்டும், இருக்கட்டும். என்ன கேக்குறான்?

அண்ணன் வந்துட்டானான்னா?

அதையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறானா?

இல்லம்மா. அண்ணன் வரல. அவன் வெளிநாட்டுல இருக்கான். அம்மா வந்திருக்கேன்னு சொல்லு. காலையிலருந்து வாசல்லயேதான் உக்காந்திருக்கேன்னு சொல்லு. இல்ல, நீ சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்லிக்கறேன். செருப்பை இங்கயே விட்டுட்டு வரணுமா?